தமெகிச்சி வைத்த வடக்கு

எங்கள் தெருவில் ஒருவர் கண்ணை மூடினால் முதலில் வைத்தியரைக் கூப்பிடுவோம். அடுத்தது தமெகிச்சியை. கோயில் பிக்கு வருவது அதற்கும் பிறகுதான். உயிர் போய்விட்டது என்று வைத்தியர் சொல்லவேண்டும், வடக்கு எது என்று தமெகிச்சி சொல்லவேண்டும். அந்த இரண்டும் தெரியாமல் பிக்கு மணியைத் தொடமாட்டார்.

செத்தவருக்குத் தலை வடக்கே இருக்கவேண்டும். உயிரோடிருப்பவர் மறந்தும் அப்படிப் படுக்கக்கூடாது. என் வீட்டுக்காரர் வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போனால்கூட, பணிப்பெண் விரித்த படுக்கையைச் சுருட்டி வேறு பக்கம் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் தேநீரைத் தொடுவார்.

இதிலே வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊரில் வடக்கு எது என்று கைக்குழந்தைக்கும் தெரியும். ஆறு போய்ச் சேருகிற பக்கம் கடல். கடல் இருக்கிற பக்கம் வடக்கு. அதற்கு நேர் எதிரே மலை, அது தெற்கு. இதைத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் வேண்டுமா? வேண்டாம். ஆனாலும் கூப்பிடுவோம். ஏனென்றால் தமெகிச்சியிடம் திசைகாட்டி இருந்தது.

அவர் பை தைக்கிற பட்டறையில் கைப்பிடி போடுகிறவர். வாழ்நாளெல்லாம் கைப்பிடி மட்டும்தான். பை எப்படி இருக்கும் என்று கேட்டால் அது வேறு ஆள் வேலை என்பார். குள்ளம். காது பெரிது. கோபம் வந்தால் முகத்துக்கு முன்னால் காது சிவக்கும். அவருடைய தாத்தா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். கப்பல் கரைதட்டியபோது மற்றவர்களெல்லாம் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட, தாத்தா மட்டும் பித்தளைத் திசைகாட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாராம். அந்தக் குளிர்காலம் அந்த வீட்டில் பட்டினி. ஆனால் மரியாதை அன்றைக்கு வந்தது, அப்புறம் போகவே இல்லை.

அவர் வருகிற தோரணையைப் பார்க்கவேண்டும். கருப்பு மேலங்கி, வெள்ளைக் காலுறை, நெஞ்சோடு அணைத்த பட்டுத்துணி மூட்டை. செத்தவரின் பக்கத்தில் முழங்கால் மடித்து உட்கார்ந்து, "பீடம்" என்பார். உடனே வீட்டுப் பெண்கள் சமையலறைக்கு ஓடி, முள்ளங்கி ஊறுகாய்ப் பீப்பாயின் மேல் அழுத்தி வைத்திருக்கிற கல்லை எடுத்து, கழுவித் துடைத்து, வெள்ளைத்துணி விரித்துக் கொண்டுவந்து வைக்கவேண்டும். திசைகாட்டி வெறும் பாயில் உட்காராதாம். அவ்வளவு பெரிய மனுஷன் அது.

கல்லும் லேசுப்பட்ட கல் இல்லை. ஆற்றோரக் குகையில் ஆறு மூலையாக வெட்டி அடுக்கினது மாதிரி தூண் தூணாக நிற்கிறதே, அந்தக் கல். குகைக்கு மேலே குன்றின் உச்சியில் உடைந்து கிடந்த துண்டுகளை அவரவர் முப்பாட்டன் உருட்டிக்கொண்டு வந்து வீட்டில் போட்டான். மேல்பக்கம் பலகை மாதிரி சமமாயிருக்கும். முள்ளங்கியை அழுத்த அதைவிட நல்ல கல் கிடையாது. எல்லா வீட்டிலும் அதுதான்.

கல்லின்மேல் திசைகாட்டி உட்காரும். ஊசி ஆடும், நிற்கும். தமெகிச்சி கையை நீட்டி, "இதோ வடக்கு" என்பார். அந்தப் பக்கம் தலையை வைப்போம்.

சில வீட்டில் அது கடல்பக்கம் இருந்தது. சில வீட்டில் கழிப்பறைப் பக்கம். தபால்காரர் வீட்டுக் கிழவிக்கு அடுத்த வீட்டுக் கோழிக்கூண்டு. யாரும் வாய் திறக்கமாட்டோம். அவரவருக்கு அவரவர் வடக்கு என்று நாங்களே ஒரு நியாயம் செய்துகொண்டோம். ஊர்வம்பு பேசுகிறவர்களுக்குக் கோழிக்கூண்டு, பொருத்தமாகத்தானே இருக்கிறது?

வாய் திறந்தவள் என் மாமியார் தோமே ஒருத்திதான். என் மாமனார் எய்சாகு போனபோது, ஊசி மலையைப் பார்த்து நின்றது.

"தமே, கடல் அந்தப் பக்கம் இருக்குடா" என்றாள்.

"கடல் அதுக்குப் பிடிச்ச இடத்துல இருந்துட்டுப் போகட்டும் அக்கா. வடக்கு இங்கதான் இருக்கு."

"நேத்து வரைக்கும் அங்கதானே இருந்துச்சு?"

"கடல் வளைஞ்சு வளைஞ்சு போகுது. மலை சரியுது. ஊசி பொய் சொல்லாது."

"ஊசி சொல்லாது. ஊசியைத் தூக்கிட்டு வர்றவன் சொல்லுவானே!"

தமெகிச்சியின் காது சிவந்தது. பிக்கு சட்டென்று மணியை அடித்துவிட்டார். அதற்குமேல் பேசக்கூடாது. மாமனாரை மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவைத்து, மறுநாள் தகனத்துக்குக் கொண்டுபோனோம். என் மாமியார் அதை மன்னிக்கவில்லை. பீப்பாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கல்லை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் முள்ளங்கியை எடுப்பாள்.

பிறகு ஒரு வசந்தகாலத்தில் டீச்சரம்மா வந்தாள். மினெகிஷி என்று பேர். பல்கலைக்கழகத்தில் பாறையைப் பற்றிப் பாடம் சொல்கிறவள். ஆற்றின் எதிர்க்கரைப் பாறையில் துளை போட்டு விரல் பருமன் துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றிலும் அம்புக்குறி போட்டுக் குழந்தையைப்போலப் பொத்தி வைப்பாள். எங்கள் வீட்டு மாடியில் தங்கியிருந்தாள். ஒருநாள் மழையில் நனைந்து வந்தவள், கழுத்தில் மாட்டியிருந்த தன் திசைகாட்டியைக் கழற்றி எங்கள் ஊறுகாய்க் கல்லின்மேல் வைத்தாள். வைத்தவள் கத்தினாள்.

"என்னடி, எலியா?" என்றாள் மாமியார்.

"கல்லு, பாட்டி! இந்தக் கல்லு ஊசியை இழுக்குது!"

தூக்கினால் கடல். வைத்தால் மலை. தூக்கினால் கடல். வைத்தால் மலை. என் மாமியாருக்கு முழங்கால் வலி, எழுந்திருக்கவே என் கை வேண்டும். அன்றைக்குத் தானாக எழுந்தாள்.

"தூக்குடி கல்லை" என்றாள் என்னிடம்.

அவள் வெறுங்கையோடு முன்னால் நடக்க, டீச்சரம்மா குடை பிடிக்க, நான் உப்புநீர் சொட்டுகிற கல்லைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். தமெகிச்சி வீட்டில் சாப்பாட்டு நேரம். அவருடைய மனைவி நூய் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் கல்லை அவருடைய கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னாள். டீச்சரம்மா அதன்மேல் திசைகாட்டியை வைத்தாள், தூக்கினாள், வைத்தாள், தூக்கினாள்.

தமெகிச்சியின் காது சிவக்கவில்லை. வெளுத்துப்போயிற்று.

"அப்ப நான் எல்லாரையும்..." என்றார். இத்தனை நாளும் ஊரில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு சொல்தான், "இதோ வடக்கு" என்பது. அது போய்விட்டால் மிச்சம் வெறும் கைப்பிடி.

டீச்சரம்மாவுக்குப் பாவமாகிவிட்டது. "உங்க மேல தப்பில்லீங்க ஐயா. குன்று உச்சியில இடி விழும்ல? இடி விழுந்த கல்லுல காந்தம் ஏறிடும். அதுதான் ஊசியை இழுக்குது" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆறுதலுக்கு இன்னொன்றும் சொன்னாள். "இதைவிடப் பெரிய வேடிக்கை இருக்குங்க. இந்தப் பாறை குழம்பா வழிஞ்சு வந்து ஆறினப்போ பூமிக்கே வடக்கு தெற்கா இருந்துச்சு. அந்த நினைப்பு இன்னும் பாறைக்குள்ள இருக்கு. ரொம்ப லேசா இருக்கும், எங்க கருவியில மட்டும்தான் தெரியும். அன்னிக்கு உங்க ஊசி இருந்திருந்தா, கல்லே இல்லாம மலைப்பக்கம்தான் காட்டியிருக்கும்."

தமெகிச்சி நிமிர்ந்தார். "பூமியே மாறுமா?"

"பல தடவை மாறியிருக்கு."

"யார் மாத்தறது?"

நூய் எல்லோருக்கும் சோயா விழுது கரைத்த மிசோ சூப் ஊற்றியிருந்தாள். டீச்சரம்மா ஒரு கிண்ணத்தை நடுவில் நகர்த்தினாள். "பாருங்க, அடியிலேர்ந்து மேகம் மாதிரி எழும்புது, மேல வந்து ஆறுது, ஓரமா இறங்குது. நம்ம காலுக்குக் கீழ ரொம்ப ரொம்ப ஆழத்துல உருகின இரும்பு கடல் மாதிரி கிடக்கு. அதுவும் இப்படித்தான் புரளுது. பூமியும் சுத்துதில்லையா, அந்தச் சுத்துலயும் இந்தப் புரளல்லயும்தான் காந்தமே உண்டாகுது."

"அப்ப ஏன் ஒழுங்காப் புரளாம தலைகீழாகுது?" என்றாள் நூய்.

டீச்சரம்மா கிண்ணத்தின் மூடியை எடுத்துப் பாதி மட்டும் மூடினாள். "இரும்புக்கு மேல பாறைதான் மூடி. கனத்த மூடி. எல்லா இடத்துலயும் ஒரே சூடு இல்லை. பழைய கடல்தரை உள்ளே முழுகி, அடியில போய்க் குளிர்ந்து கிடக்கிற இடத்துல, இரும்போட சூட்டை வெடுக்குனு வாங்கிக்கும். வேற இடத்துல சூடான பாறை குவியல் குவியலாக் கிடக்கு. அங்க சூடு வெளியேற முடியாம முடங்கும். மூடி எப்படியோ, கீழ ஓட்டமும் அப்படி. ஓட்டம் ரொம்பக் கலைஞ்சா காந்தம் மெலிஞ்சுபோகும். மெலிஞ்சு, திரும்ப எழும்பறப்போ சில சமயம் பழையபடி எழும்பும், சில சமயம் தலைகீழா எழும்பும்."

மாமியார் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆக, மேல மூடியா உக்காந்திருக்கறவ குணத்தைப் பொறுத்துத்தான் கீழ கொதிக்கறவ ஆடறா."

"ஏறக்குறைய அப்படித்தான் பாட்டி."

மாமியார் என்னைப் பார்த்தாள். நான் சூப்பைப் பார்த்தேன்.

"மூடி மாறவே மாறாதாம்மா?" என்று கேட்டேன்.

"மாறும். ஆனா ரொம்ப மெதுவா. அதனாலதான் சில காலம் அடிக்கடி புரளுது, சில காலம் கோடிக்கணக்கான வருஷம் புரளாமலே கிடக்குதுன்னு நினைக்கிறோம். எங்களுக்கே இன்னும் பாதி புரியலை."

"மாறும்னியே, அது போதும்" என்றேன். முதுகில் ஒரு கிள்ளு விழுந்தது.

தமெகிச்சி இடியை மறந்துவிட்டார். அது அவருக்குப் போதாது. தன்னை ஏமாற்றினது இவ்வளவு பெரிய ஆள் என்று தெரிந்தால்தான் ஒரு மனுஷனுக்கு ஆறுதல். அந்த மாதத் தெருக்கூட்டத்தில் கருப்பு மேலங்கியோடு எழுந்து நின்றார்.

"தப்பு நடந்துபோச்சு. ஆனா அது என் தப்பில்லை. பூமிக்கு வயித்துல கோளாறு."

முடிவெட்டுகிற கன்ஜிரோவுக்கு இது போதாதா? "வயித்துக் கோளாறுன்னா கஷாயம் குடுக்கவேண்டியதுதானே ஐயா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. பின்னாலிருந்து டீச்சரம்மா, "இல்லீங்க, இடி..." என்று ஆரம்பித்தாள். "இடியெல்லாம் சின்ன சமாச்சாரம், நீங்க உக்காருங்க டீச்சரம்மா" என்றார் தமெகிச்சி.

"இடியோ வயிறோ, எல்லாரையும் எரிச்சாச்சு. சாம்பலுக்கு ஏதுய்யா தலை, ஏது கால்?" என்றான் கன்ஜிரோ. "விடுங்க. இனிமே நாங்களே கடலைப் பார்த்துக்கறோம்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அதுதான் குத்தியது. கூடமே சிரித்ததுகூட அவ்வளவு குத்தவில்லை. தமெகிச்சி மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி. ஒண்ணு மட்டும் சொல்றேன். தெரிஞ்சப்புறம் இந்தக் கையால ஒருத்தரையும் தப்பாப் படுக்க வைக்கமாட்டேன்" என்றார்.

"யாரு கூப்பிடப்போறாங்களாம்?" என்று ஒரு குரல் கேட்டது. யாருடையது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மழைக்காலத்தில் நூடுல்ஸ் கடைக் கிழவர் இறந்தார். தமெகிச்சி மேலங்கியைப் போட்டுக்கொண்டு, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு தன் வீட்டு வாசலறையில் காத்திருந்தார். வைத்தியர் போனார். பிக்கு போனார். இவரை யாரும் கூப்பிடவில்லை. கடலைப் பார்த்தார்கள், தலையை வைத்தார்கள், வேலை முடிந்தது. தமெகிச்சி மேலங்கியை மடித்து வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். அன்றைக்கு அவர் தைத்த கைப்பிடி எல்லாம் தலைகீழ் என்று நூய் என்னிடம் சொல்லி அழுதாள். சொல்லும்போதே பாதியில் சிரித்தும் விட்டாள், என்னையும் சிரிக்க வைத்துவிட்டாள்.

என் மாமியாருக்கோ திருவிழா. டீச்சரம்மா ஊருக்குக் கிளம்பும்போது அந்தக் கல்லையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். "எடுத்துட்டுப் போ. உங்க பசங்களுக்கெல்லாம் காட்டு. தமேவைத் தோக்கடிச்ச கல்லுன்னு சொல்லு." பீப்பாய்க்கு சிமெண்டுக் கட்டி ஒன்று வாங்கிப் போட்டோம்.

இலையுதிர்காலத்தில் அவள் படுத்துவிட்டாள். படுத்தவளுக்கு யோசனை வந்தது. ஒருநாள் சாப்பிடும்போது குச்சியைக் கீழே வைத்தாள்.

"உங்க மாமனார் தெற்கே போயிட்டாரே" என்றாள்.

"எப்பவோ போனதுக்கு இப்ப என்ன அத்தே?"

"கடைத்தெருவுக்குப் போனாலே வீட்டுக்கு வழி தெரியாத மனுஷன். நான் ஒழுங்கா வடக்கே தலையை வச்சுப் போனேன்னா, அந்த ஆளை எங்கடி போய்த் தேடறது?"

தமெகிச்சியைக் கூட்டிவரச் சொன்னாள். வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வா என்றதும் உட்கார்ந்தார்.

"தமே, என்னையும் மலைப்பக்கமே வை."

"மாட்டேன்."

"என்னடா மாட்டேன்?"

"தெரிஞ்சு தப்புப் பண்ணமாட்டேன்னு கூட்டத்துல சொல்லிட்டேன் அக்கா."

"தெரியாதப்ப எவ்வளவு தைரியமாப் பண்ணினே!"

"அது வேற."

"அப்ப கன்ஜிரோகிட்ட சொல்லி வச்சிடறேன்."

"சொல்லிக்கோங்க. சவரக்கத்தியை வச்சுத் திசை பார்ப்பான்."

"ஊறுகாய் எடுத்துக்கோ."

"எடுத்துக்கறேன். ஆனா மாட்டேன்."

தட்டு காலியாகும்வரை மாட்டேன், மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே தின்றார். அதிலிருந்து அடிக்கடி வந்தார். எதற்கு வருகிறார்? மாட்டேன் என்று சொல்லத்தான். அவளும் காத்துக்கொண்டிருப்பாள். "தமே இன்னும் வரலையா, எனக்கு அவனோட சண்டை பாக்கி இருக்கு" என்பாள். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் வரும். சொன்ன சொல்லை விடாதவன் ஒருத்தன், கேட்டதை விடாதவள் ஒருத்தி, நடுவில் ஊறுகாய் நறுக்குகிறவள் நான்.

பனி ஆளுயரம் கிடந்த ஒரு காலையில், சூப்பை இரண்டு வாய் குடித்து, உப்பு குறைச்சல் என்று சொல்லிவிட்டு, மாமியார் கண்ணை மூடினாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

வைத்தியர் வந்து சொன்னார். என் வீட்டுக்காரர், "கன்ஜிரோவைக் கூப்பிட்டுத் தலையைத் திருப்பிடலாமா?" என்றார்.

"தமெகிச்சியைக் கூப்பிடுங்க" என்றேன்.

"அவர்தான் மாட்டேங்கிறாரே."

"வந்து மாட்டேன்னு சொல்லட்டும். அத்தைக்கு அதைக் கேக்காமப் போனா ஆறாது."

மேலங்கியோடு வந்தார். அறை நிறையத் தெருக்காரர்கள். மாமியாரின் தலைமாட்டில் முழங்கால் மடித்து உட்கார்ந்து, "பீடம்" என்றார். கல்தான் டீச்சரம்மாவோடு போய்விட்டதே. நான் சிமெண்டுக் கட்டியைக் கழுவி, வெள்ளைத்துணி விரித்துக் கொண்டுவந்தேன். திசைகாட்டி உட்கார்ந்தது. ஊசி ஆடி, ஆடி, கடலைப் பார்த்து நின்றது.

"அப்பாடா, ஊசியும் கடலும் ஒருவழியா ராசியாயிடுச்சு" என்றான் கன்ஜிரோ.

தமெகிச்சி ஊசியைப் பார்த்தார். கிழவியின் முகத்தைப் பார்த்தார். செத்த பிறகும் அந்த முகத்தில் 'என்னடா மாட்டேன்' என்பது அப்படியே இருந்தது. திசைகாட்டியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். வெள்ளைக் காலுறையோடு பனியில் போய்க்கொண்டிருந்தார், செருப்புப் போட்டுக்கொள்ள மறந்து. போயிற்று, சொன்ன சொல் பெரிதாகப் போயிற்று இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன்.

அப்போது நூயின் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. "முள்ளங்கி மிதக்குமே! கல்லை எங்க தூக்கிட்டுப் போறீங்க? உங்களுக்கு என்ன பைத்தியமா?"

திரும்பி வந்தார். தன் வீட்டு ஊறுகாய்க் கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கருப்பு மேலங்கியெல்லாம் உப்புநீர் வழிய வந்தார். பின்னாலேயே நூய். அறையில் ஊதுவத்தி வாசனையோடு முள்ளங்கி வாசனையும் சேர்ந்துகொண்டது. சிமெண்டுக் கட்டியைத் தள்ளிவிட்டுக் கல்லை வைத்தார். அதன்மேல் திசைகாட்டி. ஊசி சுற்றிக்கொண்டு போய்க் கழிப்பறைப் பக்கம் நின்றது.

தமெகிச்சி கல்லைக் கொஞ்சம் திருப்பினார். ஊசி கோழிக்கூண்டைப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"ஐயா, கல்லைத் திருப்பறீங்களே!" என்றான் கன்ஜிரோ.

"கல்லைத்தான் திருப்பறேன். ஊசியைத் தொட்டேனா? நீயே பார்த்துட்டுத்தானே இருக்கே. ஊசி சொல்றதுக்கு மேல நான் என்னிக்காவது ஒண்ணு செஞ்சிருக்கேனா?"

ஊசி மலையைப் பார்த்து நின்றது. தமெகிச்சி கையை எடுத்தார். முதுகை நிமிர்த்தினார். காது இரண்டும் சிவப்பு.

"இதோ வடக்கு."

நானும் என் வீட்டுக்காரரும் படுக்கையைத் திருப்பினோம். கன்ஜிரோவால் சும்மா இருக்க முடியவில்லை.

"அது தெற்கு ஐயா."

"இன்னிக்குத் தெற்கு. கீழ ஒருநாள் புரளும்."

"அதுக்கு ஆயிரக்கணக்குல வருஷம் ஆனாலும் ஆகும்னு டீச்சரம்மா சொன்னாங்களே?"

"ஆகட்டுமே. அக்காவும் அண்ணனும் என்ன அவசரத்துலயா இருக்காங்க?"

பிக்கு மணியை அடித்தார். அவர் முதுகு எங்களுக்குத் தெரிந்தது, தோள் இரண்டும் குலுங்கின. அழுகை என்று சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் கடலைப் பார்க்கவில்லை. தமெகிச்சியைத்தான் கூப்பிட்டோம். சாவதற்கு முன்னாலேயே வந்து சொல்லிவைக்கிறவர்களும் உண்டு. கன்ஜிரோவே ஒருநாள் வந்து, தனக்கு வெந்நீர் ஊற்றுப் பக்கமாக ஒரு வடக்கு கிடைக்குமா என்று மெதுவாக விசாரித்தான். "ஊசி என்ன சொல்லுதோ, அதுதான்" என்றார் தமெகிச்சி. ஆனால் கல்லை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார் என்று நூய் சொன்னாள்.

அந்தக் கல் பீப்பாய்க்குத் திரும்பவே இல்லை. வெள்ளைத்துணி போர்த்தி வரவேற்பறையில் வைத்துவிட்டார். நூயின் முள்ளங்கி அந்த வருஷம் முழுக்க மிதந்து, புளித்து, நாக்கில் வைக்க முடியாமல் போயிற்று. அவள் வீட்டுக்கு வீடு கொண்டுவந்து கொடுத்தாள். நாங்களும் ஒரு துண்டு விடாமல் தின்றோம். நன்றாக இல்லை என்று ஒரு வாய் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, கடைசியில் கோழிக்கூண்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க எவளுக்குத் தைரியம்?